கிரயம் பெறுபவர்கள் இருவர்

சொத்து மாற்றுச் சட்டத்தின் நாற்பத்தைந்தாம் பிரிவில் சிக்கல் ஒன்றும் இல்லை. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட நபர்கள் சேர்ந்து விலை கொடுத்து ஓர் அசையாச் சொத்தை வாங்கினால், யார் எவ்வளவு போட்டார்களோ அந்த அளவுக்கு அவரவருக்குப் பங்கு. எவ்வளவு போட்டார்கள் என்று தெரியவில்லையா, எல்லோருக்கும் சரிசமம். அவ்வளவுதான். 'நபர்கள்' என்றுதான் அதில் இருக்கிறது. அவர்கள் ஒருவருக்கொருவர் யார் என்று சட்டம் கேட்கவில்லை. எழுதியவன் வெள்ளைக்காரன், அவனுக்குக்கூடத் தோன்றாத அந்தக் கேள்வி செம்பாக்கத்தில் தோன்றியது.

நான் கருவூலத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். கணவர் இறந்து வெகுகாலம் ஆகிறது, பிள்ளைகள் இல்லை. என்னோடு சேர்ந்து வீடு வாங்கப் புறப்பட்டவர், உதவிபெறும் பள்ளி ஒன்றில் இயற்பியல் நடத்தியவர், மனைவியை இழந்தவர். நான் அவரை வாத்தியாரே என்பேன். அவர் என்னை மேடம் என்பார். உயிரோடு இருப்பதைக் காட்ட ஓய்வூதியர்கள் ஆண்டுதோறும் கருவூலத்துக்கு வரும் நேர்காணலுக்கு வந்த இடத்தில், படிவத்தில் ஒரு கட்டம் தேவையே இல்லாமல் இருக்கிறது என்று என்னிடம் சண்டைக்கு நின்றார். உண்மையிலேயே அது தேவையில்லாத கட்டம்தான். அதை ஒப்புக்கொண்ட முதல் அரசு ஊழியர் நான்தான் என்று பிறகு ஒருநாள் சொன்னார். எங்கள் காதல் கதை அவ்வளவுதான். அதற்கு மேல் எதிர்பார்ப்பவர்கள் ஏமாந்துபோவார்கள்.

சேலையூரில் ஒரு மாடிப் போர்ஷனில் வாடகைக்கு இருந்தோம். வீட்டுக்காரர் எதுவும் கேட்கவில்லை, நாங்களும் எதுவும் சொல்லவில்லை. வாத்தியார் கத்தோலிக்கர், ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போவார். ஆனால் பாதிரியார் தரும் நற்கருணை அப்பத்தை வாங்கும் வரிசையில் மட்டும் எழுந்து நிற்க மாட்டார்; பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பார். திருமணம் ஆகாமல் ஒரு பெண்ணோடு வாழ்பவர் அதை வாங்கக் கூடாது என்பது அவர்கள் விதி. அவர் அதை மீறவும் இல்லை, என்னிடம் குறைப்பட்டுக்கொள்ளவும் இல்லை. இருமுறை கேட்டார், கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று. மனைவி என்ற பதவியில் ஒருமுறை பணியாற்றியாயிற்று, மீள்பணியமர்வு வேண்டாம் என்றேன். இரண்டாவது முறை சிரிக்காமல் சொன்னேன். அதன் பிறகு அவர் கேட்கவில்லை.

வீட்டுக்காரரின் மகள் குடும்பத்தோடு ஊர் திரும்புகிறாள், தீபாவளிக்குள் காலி செய்யுங்கள் என்றார்கள். வேறு வாடகை வீடு தேடினோம். கோவிலம்பாக்கத்தில் ஒரு வீட்டு அம்மா சாவியைக் கையில் வைத்துக்கொண்டே என்னிடம் கேட்டார்:

"சார் உங்களுக்கு இன்னா வேணும்?"

"ஃபிரெண்டும்மா."

"ஃபிரெண்டுன்னா?"

"ஃபிரெண்டுன்னா ஃபிரெண்டுதான்."

"நாங்க ஃபேமிலிக்கு மட்டுந்தாம்மா வுடறது. பேச்சிலருக்கு வுடறதில்ல."

வாத்தியார் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "எங்க ரெண்டு பேர் வயசையும் கூட்டுனா நூத்தி முப்பது வருதும்மா. அதுக்குமா பேச்சிலர்?"

அந்த அம்மாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தினார்.

இன்னும் சில கதவுகள் அதே போல, அநேகமாக மரியாதையோடு, சாத்தப்பட்ட பிறகுதான் சொந்தமாக வாங்கிவிடுவது என்று முடிவு செய்தோம். இருவருக்குமே அதுவரை சொந்த வீடு இருந்ததில்லை. வாங்க முடியாவிட்டால் என்ன ஆகும் என்பதிலும் சந்தேகமே இல்லை. சிறுசேரிப் பக்கம் அடுக்குமாடியில் இருக்கும் வாத்தியாரின் மகள் அப்பாவுக்கென்று ஓர் அறை ஒதுக்கி வைத்திருந்தாள். மதுரையில் என் தங்கை வீட்டில் எனக்கு ஒரு கட்டில் இருந்தது. இரண்டுமே அன்பான ஏற்பாடுகள். இரண்டுக்கும் நடுவே ஓர் இரவு ரயில் பயணம்.

செம்பாக்கத்தில் ஏரிக்குப் பக்கத்துத் தெருவில், நான்கே வீடுகள் கொண்ட பழைய கட்டடத்தில், முதல் மாடி வீடு ஒன்று விலைக்கு வந்தது. சமையலறை ஜன்னலில் கழுத்தை நீட்டினால் ஏரியில் ஒரு கீற்று தெரியும். விற்பவர் நடுத்தர வயதுக்காரர். சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை. ஆபீஸ் பக்கத்திலேயே குடிபோகிறார். அவருடைய அப்பா, ரயில்வேயில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர், அதே கட்டடத்தின் கீழ் வீட்டில் தனியாக இருக்கிறார். அவர் எங்கும் வருவதாக இல்லை. மூல ஆவணங்களைப் பார்த்தேன், வில்லங்கச் சான்று போட்டேன், பட்டாவையும் வரி ரசீதையும் ஒப்பிட்டேன். எல்லாம் சரியாக இருந்தன. சரியாக இருப்பதைப் பார்த்தால் எனக்கு எப்போதுமே கொஞ்சம் பயம். முன்பணம் கொடுத்து கிரய ஒப்பந்தம் போட்டோம். பதிவுக்கு ஒரு வியாழக்கிழமை டோக்கன் வாங்கியாயிற்று.

புதன்கிழமை வரைவைப் படிக்கப் பத்திர எழுத்தர் கடைக்குப் போனோம். சொத்து விவரம், எல்லைகள், நிலத்தில் பிரிபடாத பாகம் எல்லாம் பிழையில்லை. முதல் பக்கத்தில் கிரயம் பெறுபவர்கள் என்ற இடத்தில், ஒன்று, வாத்தியார். இரண்டு, நான், 'மேற்படியாரின் மனைவி'.

"இத யாரு போடச் சொன்னது?"

பத்திர எழுத்தர் திரையிலிருந்து தலையைத் திருப்பினார். "எது மேடம்? மனைவியா? நானேதான் போட்டேன். ரெண்டு பேரும் ஒண்ணா வர்றீங்கோ, ஒண்ணா போறீங்கோ. வேற இன்னான்னு போடறது?"

"காலஞ்சென்ற என் வீட்டுக்காரர் பேரப் போட்டு, அவர் மனைவின்னு போடுங்க. ஆதார்ல அப்படித்தான் இருக்கு."

அவர் என்னைப் பார்த்தார், வாத்தியாரைப் பார்த்தார், குரலைத் தாழ்த்தினார். "உள்ள யாரும் கேக்க மாட்டாங்கோ மேடம். இருந்துட்டுப் போவுது. இப்ப மாத்துனா பேஜாரு."

"கேக்க மாட்டாங்கங்கற தைரியத்துல எழுதுறது பத்திரம் இல்ல."

பையிலிருந்து பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தேன். மேலே சரியானதை எழுதி, ஓரத்தில் சுருக்கொப்பமும் வைத்தேன். முப்பது வருடப் பழக்கம். கை தானாகச் செய்தது.

காரணம் சொல்ல வேண்டும். எனக்கு என் சொந்த ஓய்வூதியத்தோடு கணவரின் குடும்ப ஓய்வூதியமும் வருகிறது. மறுமணம் செய்தால் அது நின்றுவிடும். ஆகவே ஆண்டுதோறும் மறுமணம் செய்துகொள்ளவில்லை என்று சான்று எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். பிற விதவைகளிடம் அந்தச் சான்றை வாங்கி, உற்றுப் பார்த்து, முத்திரை குத்திய மேஜையில் நானே இருந்திருக்கிறேன். ஓர் அலுவலகத்தில் மனைவி இல்லை என்று கையெழுத்து, இன்னோர் அலுவலகத்தில் மனைவி என்று கைரேகை. அது என்னால் ஆகாது. பணத்துக்காகத்தான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று நினைப்பவர்கள் நினைக்கட்டும். அதற்காக இல்லை. ஆனால் அது கணக்கிலேயே வரவில்லை என்றும் சொல்ல மாட்டேன்.

இதெல்லாம் நடக்கும்போது விற்பவர் பக்கத்து நாற்காலியில் இன்னொரு நகலைப் படித்துக்கொண்டிருந்தார் என்பதை நான் மறந்துவிட்டேன்.

"அப்ப சார் உங்களுக்கு..." என்று ஆரம்பித்தார்.

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். விற்பவர் எழுந்து, நகலை மேஜைமேல் வைத்தார்.

"ஒண்ணும் இல்ல மேடம். அப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேன். கீழ இருக்கப்போறது அவர்தானே. நாளைக்கு வேணாம், நான் சொல்றேன்."

பேருந்தில் வாத்தியார் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்து, நான் டீ போட்டுக் கொடுத்த பிறகுதான் பேசினார்.

"அந்த ஒரு வார்த்தை இருந்தா யாருக்கு என்ன நஷ்டம்?"

"கருவூலத்துக்கு."

"நான் கருவூலத்தக் கேக்கல மேடம்."

நான் டம்ளரைக் கழுவப் போனேன். பின்னாலேயே வந்து நின்றார்.

"அடிச்சீங்க, சரி. விதி எனக்கும் புரியும். அடிக்கும்போது ஒரு தரம் என் பக்கம் பாத்திருக்கலாம்."

கழுவிய டம்ளரை இன்னொரு முறை கழுவினேன்.

காத்திருக்கத் தொடங்கினோம். விற்பவருக்கு ஃபோன் செய்தால் மீட்டிங்கில் இருந்தார். மெசேஜ் அனுப்பினால் போய்ச் சேர்ந்தது, படிக்கப்பட்டது, இரண்டு நீலக் குறிகள் விழுந்தன, அதற்கு மேல் மௌனம். கோப்பு நிலுவையில் இருப்பதை இத்தனை அழகாகக் காட்டும் வசதி எங்கள் காலத்தில் இல்லை. ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கோரி வழக்குப் போடலாம். அதற்குச் சட்டம் இருக்கிறது, எந்தப் பிரிவு என்றும் தெரியும். ஜெயித்துக் குடிபோனால் ஒவ்வொரு நாளும் படியிறங்கும்போது கீழ் வீட்டுப் பெரியவரின் முகத்தைப் பார்க்க வேண்டும். அதற்குப் பிரிவு எதுவும் தெரியவில்லை.

தீபாவளி நெருங்கியது. வீட்டுக்காரர் எங்களைக் கேட்காமலே பெயின்டரை அனுப்பினார். நாங்கள் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போதே பின்னறையில் சுவரைச் சுரண்டும் சத்தம். வாத்தியாரின் மகள், அறைக்கு ஏசி போட்டாயிற்று என்று சொன்னாள். தங்கை, ரயிலில் இடம் கிடைக்கிறதா என்று எதற்கும் பார்த்துவை என்றாள். ஒரு நாள் வாத்தியார் அலமாரியிலிருந்து புத்தகங்களை இறக்கி அட்டைப் பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்தார். வந்த நாளிலிருந்து ஒன்றோடொன்று கலந்து கிடந்த புத்தகங்கள். அவருடையவை ஒரு பெட்டியில், என்னுடையவை வேறு பெட்டியில்.

"ஏன் பிரிக்கறீங்க?"

"எதுக்கும் இருக்கட்டும்னுதான்."

ஒரு புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இது யாருடையது என்று தெரியாமல் நின்றார். அதைப் பார்த்த பிறகு என்னால் உட்கார முடியவில்லை. எனக்குத் தெரிந்த ஒன்றைச் செய்தேன். தாளை எடுத்தேன்.

'ஐயா, பொருள்: செம்பாக்கம் முதல் மாடிக் குடியிருப்பு – கிரயம் பெறுதல் – கிரயம் பெறுவோர் இருவருக்கிடையேயான உறவு – விளக்கம் அளித்தல் – தொடர்பாக' என்று தொடங்கிக் கீழ் வீட்டுப் பெரியவருக்கு எழுதினேன். முதல் பத்தி: நாங்கள் திருமணம் செய்துகொள்ளவில்லை. இரண்டு: அதற்குச் சட்டத்தில் தடை ஏதுமில்லை. மூன்று: இருவருமே ஓய்வூதியர்கள், இரவில் சீக்கிரம் படுப்பவர்கள், அம்மி, உரல் பயன்படுத்துவதில்லை. நான்கு: மேற்படி வீட்டில் நிரந்தரமாக வசிக்கும் எண்ணத்துடனேயே வாங்குகிறோம்.

வாத்தியார் படித்துப் பார்த்தார். "இது வேண்டுகோளா, ஆடிட் ரிப்ளையா?"

"கையெழுத்துப் போடுங்க வாத்தியாரே."

போட்டார். ஆட்டோவில் பத்து நிமிடத்தில் போய்விடக்கூடிய வீட்டுக்கு அதை ஸ்பீட் போஸ்டில் அனுப்பினேன். நேரில் போனால் கதவு சாத்தப்படலாம். தபாலுக்குச் சாத்த முடியாது. இதை அறிவாளித்தனம் என்று அப்போது நினைத்தேன். தபால் அவர் கைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று ஃபோனில் தகவல் வந்த பிறகு, ஒரு மனிதரின் வாசலுக்குத் தபால்காரரை அனுப்பி மிரட்டிவிட்டோமோ என்று தோன்ற ஆரம்பித்தது.

தீபாவளி வந்து போயிற்று. வீட்டுக்காரர் கொண்டுவந்து கொடுத்த ஸ்வீட் பாக்ஸில்கூட ஒரு நோட்டீஸ் இருந்த மாதிரிதான் எனக்குத் தோன்றியது. மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ, கொட்டுகிற மழையில் பெரியவர் குடையோடு எங்கள் மாடிப்படி ஏறி வந்தார். சட்டைப் பையில், பிளாஸ்டிக் உறைக்குள் என் கடிதம். ஓரத்தில் பென்சில் குறிகள்.

"பாரா நம்பரெல்லாம் போட்டு எழுதியிருக்கீங்க மேடம். இப்படி ஒண்ணு படிச்சு ரொம்ப நாளாச்சு."

"உக்காருங்க சார்."

"கல்யாணம் பண்ணிக்காதது உங்க சொந்த விஷயம். எனக்கு ஒண்ணுமே இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். ஒரு மாதிரியாத்தான் இருக்கு. பழகிடும். என் கேள்வி வேற." உறையிலிருந்து தாளை எடுத்தார். "நாலாவது பாரா. 'நிரந்தரமாக வசிக்கும் எண்ணத்துடன்'. இதுக்கு ஆதாரம் என்ன?"

"ஆதாரமா?" என்றார் வாத்தியார்.

"என் தலைக்கு மேல யார் நடக்கறாங்கன்னு தெரிஞ்சாத்தான் சார் எனக்குத் தூக்கம் வரும். இத்தனை நாள் என் பையன் நடந்தான். இனிமே நீங்க, சரி. உங்கள்ல ஒருத்தர் போயிட்டா? இன்னொருத்தர் அங்கேயே இருப்பீங்களா, இல்ல உங்க பொண்ணு ஒரு பக்கம், மேடத்தோட ஆளுங்க ஒரு பக்கம்னு வந்து பாகம் கேட்டு வித்துடுவாங்களா? புருஷன் பொண்டாட்டின்னா, மிஞ்சினவங்க உள்ள இருப்பாங்கன்னு ஒரு நம்பிக்கை. உங்களுக்கு என்ன இருக்கு?"

கேள்வி அநியாயமானது அல்ல. நான் உயில் எழுதாமல் இறந்தால் என் பாதி யாருக்குப் போகும் என்பது எனக்குத் தெரியும். பிள்ளையில்லாத இந்து விதவை தானே சம்பாதித்த சொத்து, கணவருடைய வாரிசுகளுக்குப் போகும். அதாவது என் கொழுந்தன்மார்களுக்கு; என் கணவர் போன பிறகு என் வாசலை மிதிக்காதவர்களுக்கு. பத்திரக் கடையில் நான் அடித்துத் திருத்தி, சுருக்கொப்பமும் வைத்த அந்த வரிக்கு இப்படியொரு வால் இருந்தது. நான் செத்த பிறகு வாத்தியார் வீட்டுக்குள் இருப்பாரா என்பதை அவர்கள் முடிவு செய்வார்கள். எல்லாப் பிரிவும் தெரிந்த நான், வீட்டுக்குள் போவதைப் பற்றியே யோசித்திருந்தேன். எங்களில் மிஞ்சுகிறவர் அங்கே இருப்பதைப் பற்றி யோசிக்கவில்லை.

வாத்தியாரைப் பார்த்தேன். அவருக்கு அந்தச் சட்டம் தெரியாது. ஆனால் என் முகத்தைப் படிக்கத் தெரியும்.

"கொஞ்சம் டைம் குடுங்க சார்," என்றார் பெரியவரிடம்.

"தர்றேன். நீங்க எழுத்துல கேட்டீங்க. பதிலும் எழுத்துலதான் வரும்." நான் கொடுத்த டீயைக் குடித்துவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போனார்.

அன்றைக்கே வாத்தியார் மகளுக்கு ஃபோன் செய்து, ஸ்பீக்கரில் போட்டார். தன் பாதியில் எனக்கு ஆயுள் உரிமை, எனக்குப் பிறகு அவளுக்கு என்று எழுதப்போவதாகச் சொன்னார்.

"ஆன்ட்டி இருக்கட்டும்ப்பா. அது இல்ல. நீங்க இங்க வரப்போறதில்ல, அதத்தானே சொல்றீங்க?"

"ஆமாடா."

"ஏசி போட்டுட்டேனே," என்றாள். பிறகு, "சரி, ஞாயித்துக்கிழமை சாப்பிடவாவது வாங்க. ரெண்டு பேரும்."

மறுநாள் மறுபடி அதே பத்திர எழுத்தர் கடை. இன்னும் வாங்காத வீட்டுக்கு இரண்டு உயில்கள். எனக்கு இனிமேல் கிடைக்கக்கூடிய சொத்துக்கள் என்று எழுதினால் செல்லும். அதையும் நான்தான் சொன்னேன். என் பாதி முழுவதும் வாத்தியாருக்கு. பத்திர எழுத்தர் தட்டிக்கொண்டே வந்து, ஓரிடத்தில் விரலைத் தூக்கினார்.

"மேடம், சார் உங்களுக்கு இன்னா உறவுன்னு போட? இந்தத் தபா நானா எதுவும் போட மாட்டேன்பா. நீங்களே சொல்லிடுங்கோ."

வாத்தியார் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நண்பர் என்று போடலாம். கோவிலம்பாக்கத்தில் அதற்கு என்ன மதிப்பு என்று பார்த்தாயிற்று. வேறு சொல் தேடினேன். இத்தனை ஆண்டுகளில் எத்தனையோ படிவங்கள் என் கையில் புரண்டிருக்கின்றன. அவற்றில் ஒன்றில்கூட இவருக்கு ஒரு கட்டம் இல்லை.

"உறவு போடலன்னாலும் செல்லும்," என்றார் பத்திர எழுத்தர். "ஆனா ஒரு வரி கீது மேடம். யாருக்கு எழுதுனாலும் நான் போடறதுதான். பையனுக்கு, மருமவனுக்கு, எல்லாருக்கும். படிக்கட்டுமா?"

படித்தார். 'என்மீது அன்பும் அக்கறையும் கொண்டு, என் சுகதுக்கங்களில் உடனிருந்து, என்னைக் கவனித்து வருகிற' என்று இருந்தது. நூற்றுக்கணக்கான உயில்களில் தேய்ந்த வரி. அப்பாவை ஃபோனில்கூட விசாரிக்காத பிள்ளைகளுக்கெல்லாம் போட்ட வரி. பேனா என் கையில் இருந்தது.

இந்த முறை வாத்தியாரைப் பார்த்தேன். அவர் இன்னும் காலண்டரில்தான் இருந்தார். அதில் படிக்க ஒன்றும் இல்லை, அது போன மாதத்து ஏடு.

"இருக்கட்டும்," என்றேன்.

"மேடம் அடிக்கலியா?" பத்திர எழுத்தருக்கு நம்பிக்கை வரவில்லை.

"அடிக்கல."

"எனக்கும் அதே வரி போடுங்க," என்றார் வாத்தியார், திரும்பாமலே. பிறகு, "ஸ்பெல்லிங் மிஸ்டேக் இல்லாம," என்றார்.

உயில்களைப் பதிவு செய்து, 'இணைப்பு: நகல்கள் இரண்டு' என்று குறிப்பிட்டுப் பெரியவருக்கு ஒரு கடிதம் வைத்தோம். இம்முறை நேரில் போனோம். கதவு திறந்தது. உறையை வாங்கிக்கொண்டார், உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை, படித்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். மாடியில் அந்த வீட்டின் ஜன்னல்கள் மூடியிருந்தன. மழை விடவில்லை. ஏரி நிறைகிறது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். வாங்காத வீட்டுக்குள் தண்ணீர் வருமா என்று அதற்கும் சேர்த்துக் கவலைப்பட்டேன். சேலையூரில் பெயின்டர் கூடத்துக்கு வந்துவிட்டார். பெட்டிகளை நடுவில் நகர்த்தி, மேலே ஒரு பழைய புடவையைப் போர்த்தி, அதன்மேலேயே உட்கார்ந்து சாப்பிட்டோம். ஞாயிற்றுக்கிழமை வாத்தியார் பூசைக்குப் போய்விட்டு வந்தார். வரிசையில் நின்றாரா என்று கேட்கவில்லை. நின்றிருக்க மாட்டார், அந்த விதி உயிலுக்கெல்லாம் மசியாது. மதியம் மகள் வீட்டில் இருவரும் சாப்பிட்டோம். அந்த ஏசி அறையை அவள் திறந்து காட்டினாள். வாத்தியார் வாசலோடு நின்று, நல்லா இருக்குடா என்றார்.

பதிலைக் கொண்டுவந்தவர் விற்பவர். பைக்கை நிறுத்தி, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், மடித்த தாள் ஒன்றை நீட்டினார். "அப்பா குடுக்கச் சொன்னார் மேடம். வர்ற வியாழக்கிழமைக்கு டோக்கன் போட்டுடலாமா?" என்றவர், என் முகத்தைப் பார்க்காமல், "லேட் ஆனதுக்கு சாரி," என்று சேர்த்துக்கொண்டார்.

கோடு போட்ட தாள், சாய்வில்லாத கையெழுத்து. 'பார்வையில் காணும் தங்கள் இரு கடிதங்களும் இணைப்புகளும் கிடைக்கப்பெற்றன. பத்தி நான்கிற்கான ஆதாரம் ஏற்கப்படுகிறது. தாங்கள் இருவரும் மேல் வீட்டில் வசிப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. நாற்காலிகளை இழுக்காமல் தூக்கி வைக்கக் கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்.'

வாத்தியார் அதை இரண்டு முறை படித்தார். பிறகு பெட்டிகளின் மேலிருந்த புடவையை விலக்கி, தன் பெட்டியைத் திறந்து, புத்தகங்களை எடுத்து என் பெட்டியில் இருந்தவற்றுக்கு இடையில் செருக ஆரம்பித்தார். நான் பேனாவை எடுத்து, தாளின் மேல் மூலையில், கடிதம் பெறப்பட்ட நாளைப் பழக்கப்படி குறித்தேன்: அக்டோபர் 27, திங்கட்கிழமை.